சேலத்தில் குடும்ப வேர் தேடுவோருக்கு: பெயரை விட்டுப் புல எண்ணைப் பிடியுங்கள்

குடும்ப வரலாறு தேடத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் ஒரு பெயரோடுதான் வருகிறார்கள். தாத்தாவின் பெயருக்குப் பின்னால் ஒரு பட்டம் ஒட்டியிருக்கும்; அதை ஒரு வம்சாவளி இணையதளத்தில் தட்டினால் பரம்பரை வந்துவிடும் என்று நம்புவார்கள். சேலம் வட்டாரத்தில் அது நடக்காது. இங்கே பெரும்பாலோருக்குத் தந்தை பெயரின் முதலெழுத்துதான் முன்னெழுத்து, அதுவும் ஒவ்வொரு தலைமுறையிலும் மாறும். கவுண்டர், படையாச்சி, செட்டியார், நாயக்கர், முதலியார் என்பன ஒரு குடும்பத்தின் பெயர்கள் அல்ல. ஒவ்வொன்றையும் லட்சக்கணக்கானோர் போட்டுக்கொண்டிருந்தார்கள். அதனால் ஒரு ஆளை ஆவணத்தில் அடையாளம் காண நான்கு விவரம் சேர்ந்து வர வேண்டும்: பெயர், தகப்பனார் பெயர், கிராமம், நிலத்தின் புல எண் (சர்வே எண்). நான்கில் கடைசிதான் எல்லாவற்றையும்விட உறுதியானது. ஆள் இறந்தாலும், எழுத்துக்கூட்டல் மாறினாலும் நிலம் அதே இடத்தில் இருக்கிறது; எண் மாறினாலும் பழைய எண்ணைப் புதிய எண்ணோடு இணைக்கும் பதிவேடு இருக்கிறது.

முதலில் உங்கள் குடும்பத்துக்குள் வழங்கும் பெயர் எந்த வகை என்று பிரித்துப் பாருங்கள். கொங்கு வேளாளர் வீடு என்றால் கூட்டம் என்ற குலப் பிரிவு இருக்கும்: காடை, ஆந்தை, கண்ணன், விழியன் போல. கூட்டத்தின் பெயர் ஒரு ஆளைக் காட்டாது, ஆனால் காணிக் கோயிலை, அதாவது கூட்டத்தின் குலதெய்வக் கோயிலைக் காட்டும். அந்தக் கோயில் இருக்கும் ஊர்தான் உங்கள் முன்னோர் அதற்கு முன் குடியிருந்த ஊராக இருக்க வாய்ப்பு அதிகம். அம்மாபேட்டை, குகை, செவ்வாய்ப்பேட்டை பக்கத்து நெசவாளர் குடும்பங்களில் தேவாங்கருக்குக் கோத்திரத்தோடு வீட்டுப் பெயரும் உண்டு. சௌராஷ்டிரருக்கும் வீட்டுப் பெயர் உண்டு. தெலுங்கு பேசும் குடும்பங்களுக்கு இன்டிப்பேரு என்ற வீட்டுப் பெயர் உண்டு. உண்மையிலேயே தலைமுறை தாண்டித் தொடரும் பெயர் இவைதான். ஆனால் அரசு ஆவணங்களில் இவை அபூர்வமாகவே ஏறும்; கோயில் வரி நோட்டிலும் கல்யாணப் பத்திரிகையிலும்தான் தேட வேண்டும். மணியக்காரர், கணக்குப்பிள்ளை, மிட்டாதார், பட்டக்காரர் போன்றவை பதவியால் வந்த பெயர்கள். இப்படிப்பட்ட பெயர் உங்கள் வீட்டில் இருந்தால் அது பெரிய வாய்ப்பு, ஏனென்றால் பதவிக்குத் தனியாகக் கோப்பு உண்டு.

வீட்டிலிருந்து தொடங்கும் வேலை

அலுவலகத்துக்குப் போகுமுன் டிரங்குப் பெட்டியைக் காலி செய்யுங்கள். ஜாதகக் கட்டு, மொய் நோட்டு, பத்திரங்கள், கிஸ்தி ரசீது, கருமாதிப் பத்திரிகை, பழைய ரேஷன் கார்டு எல்லாவற்றையும் இரு பக்கமும் படமெடுத்து வைத்த பிறகே படிக்க உட்காருங்கள். பழைய ஜாதகங்கள் பலவற்றில் தலைப்பிலேயே தகப்பன், பாட்டன் பெயர் எழுதியிருக்கும். மொய் நோட்டை யாரும் மதிப்பதில்லை, ஆனால் அது ஒரு காலத்தின் உறவு வரைபடம்: ஊர், பெயர், தகப்பன் பெயர், தொகை. ஒரே ஊரிலிருந்து அடுத்தடுத்து வரும் பெயர்கள் பெரும்பாலும் ஒரே பங்காளி வகையறா.

பெரியவர்களிடம் கேட்கும்போது, "பாட்டன் பேரு என்ன?" என்று தொடங்காதீர்கள். "கருமாதிக்கு யார் யார் மொட்டை அடிச்சாங்க?", "யார் வீட்டுச் சாவுக்கு நமக்குத் தீட்டு?", "முதல் முடி எடுக்க எந்தக் கோயிலுக்குப் போவோம்?", "நம்ம காட்டுக்கு மேற்கே யாரோட காடு?", "கிணத்துல யாருக்குப் பங்கு?" என்று கேளுங்கள். தீட்டு காப்பவர்கள் தந்தை வழிப் பங்காளிகள். பெண் கொடுத்து எடுத்தவர்கள் மாமன் மச்சான். இந்த ஒரு கோட்டைச் சரியாகப் போட்டுவிட்டால் பாதிக் குழப்பம் தீரும். அப்புச்சி, அம்மாயி (தாயின் பெற்றோர்) வழியையும் தனித்தாளில் எழுதுங்கள். பெண்களின் பெயர்கள் நிலப்பதிவேட்டில் குறைவாகவே வரும் என்பதால், அவர்களைப் பற்றி நேரில் கேட்டு எழுதியது மட்டுமே மிஞ்சக்கூடும்.

வயது நினைவில்லாதவர்களிடம் நிகழ்ச்சியை வைத்துக் கேட்கலாம். மேட்டூர் அணை கட்டப்பட்டது 1925 முதல் 1934 வரை. "அணை கட்டறப்போ அப்பாருக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?" என்ற கேள்விக்கு விடை கிடைக்கும். தாது வருஷப் பஞ்சம் 1876-78. அதில் மிக மோசமாக அடிபட்ட மாவட்டங்களில் சேலமும் ஒன்று. பல குடும்பங்களின் கதை "பஞ்சத்துல இங்க வந்தோம்" என்ற வரியில் தொடங்குவது அதனால்தான். அந்த வரி கிடைத்தால் அதற்கு முந்தைய ஊரைத் தேட வேண்டும் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

ஆண்டுக் கணக்கு

இரண்டு கணக்கு தெரியாமல் எந்தத் தாளையும் படிக்க முடியாது. வருவாய்த்துறை ஆவணங்கள் பசலி என்ற வருவாய் ஆண்டுக் கணக்கில் இருக்கும். பசலியோடு 590 கூட்டினால் அது தொடங்கும் ஆங்கில ஆண்டு. பசலி 1320 என்றால் 1910 ஜூலை முதல் 1911 ஜூன் வரை. பத்திரத்திலும் ஜாதகத்திலும் தமிழ் ஆண்டின் பெயர் இருக்கும். அது 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்ப வரும். சுபானு என்றால் 1883-84 ஆகவும் இருக்கலாம், 1943-44 ஆகவும் இருக்கலாம். தமிழ்த் தேதியும் கிழமையும் கொடுத்திருந்தால் இரண்டையும் பஞ்சாங்கத்தில் பொருத்திப் பாருங்கள். பொதுவாக ஒன்றுதான் பொருந்தும். கிழமை இரண்டிலும் ஒத்துப்போனால் நட்சத்திரத்தையும் திதியையும் பாருங்கள். தை, மாசி, பங்குனி மாதங்கள் அடுத்த ஆங்கில ஆண்டில் விழும் என்பதை மறந்து ஓராண்டு தவறவிடுவது மிகச் சாதாரணமாக நடக்கிறது.

நிலத்தின் வழியே பின்னோக்கி

இன்றைய பட்டாவிலிருந்து தொடங்குங்கள். மாவட்டம், தாலுகா, கிராமம், புல எண், உட்பிரிவு எண் இருந்தால் பட்டா, சிட்டாவும் அ-பதிவேட்டு (கிராமத்தின் எல்லாப் புல எண்களையும் பட்டியலிடும் நிலப் பதிவேடு) விவரமும் அரசின் இணையச் சேவையில் கிடைக்கும். பாட்டன் இறந்து முப்பது நாற்பது ஆண்டாகியும் பட்டா அவர் பெயரிலேயே இருப்பதுண்டு. பட்டா மாறுதலுக்கு அது தொல்லை, தேடுபவருக்கு லாபம்.

அடுத்த படி நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்துக்கு முந்தைய பதிவேடு. 1979க்குப் பிறகு நடந்த அந்தத் திட்டத்தில் ஏக்கர், சென்ட் கணக்கு ஹெக்டேர், ஏர் கணக்கானது. பல கிராமங்களில் புல எண்களும் மாறின. அந்தச் சமயத்தில் அண்ணன் தம்பி நால்வர் பெயரில் இருந்த நிலம் மூத்தவர் பெயரில் மட்டும் ஏறியிருக்கலாம், எழுத்துப் பிழையும் விழுந்திருக்கலாம். எனவே இன்றைய பதிவேட்டில் ஒரு பெயர் இல்லை என்பதால் அந்த ஆள் நிலமில்லாதவர் என்று முடிவு கட்டக் கூடாது. தாலுகா அலுவலகத்தில் பழைய அ-பதிவேட்டின் நகலையும், பழைய எண் புதிய எண் ஒப்பீட்டுப் பதிவேட்டையும் கேளுங்கள். அதற்கும் முந்தியது நிலவரித் திட்டக் காலத்துப் பதிவேடு. அங்கேதான் கொள்ளுப்பாட்டன் தலைமுறை தென்படும்.

தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுவதானால் 10 ரூபாய் கட்டணம், பதிலுக்கு 30 நாள் கெடு. "எங்கள் பூர்வீக விவரம் வேண்டும்" என்று எழுதினால் "அவ்வாறான ஆவணம் இல்லை" என்ற பதில்தான் வரும். "இன்ன தாலுகா, இன்ன கிராமம், பழைய புல எண் இன்னது, அதற்குரிய அ-பதிவேட்டுப் பக்கத்தின் சான்றிட்ட நகல்" என்று ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும்.

மாநகர எல்லைக்குள் வீடு என்றால் பதிவேடு வேறு: வார்டு, பிளாக், நகரப் புல எண் கொண்ட நகர நில அளவைப் பதிவேடு. கிராமத்து நத்தத்தில் (குடியிருப்பு நிலத்தில்) இருக்கும் வீட்டுக்குப் பழைய பட்டாவே இருக்காது. நத்தம் நிலவரித் திட்டம் வந்த பிறகுதான் மனைகளுக்குத் தனித்தனியே பட்டா ஏறியது. அதனால் வீட்டை விட்டுவிட்டுக் காட்டையும் தோட்டத்தையும் பிடித்து மேலே போங்கள்.

பத்திரப் பதிவு அலுவலகம்

எங்கள் கருத்தில் மிக வளமான இடம் இதுதான். இணையத்தில் வில்லங்கச் சான்று 1975 முதல் கிடைக்கும். அதற்கு முந்தையதற்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் கையால் தேட மனுக் கொடுக்க வேண்டும். தேடுதல் கட்டணம் ஆண்டுக் கணக்கில் கூடும்; ஆகவே முப்பது ஆண்டைக் கண்மூடித்தனமாகக் கேட்காமல், வீட்டுப் பத்திரத்தில் குறிப்பிட்டிருக்கும் தாய்ப்பத்திர (சொத்தின் முந்தைய மூலப் பத்திரம்) எண்ணையும் ஆண்டையும் வைத்து நேரே அதன் நகலைக் கேளுங்கள். அந்த நகலுக்குள் அதற்கு முந்தைய பத்திர எண் இருக்கும். இப்படியே படி ஏறலாம்.

அலுவலகத்தில் 1ஆம் புத்தகம் அசையாச் சொத்துக்கானது. அதற்கு ஆள் பெயர் அட்டவணை ஒன்று, சொத்து அட்டவணை ஒன்று. பெயர் அட்டவணையில் ஒரே பெயரில் பலர் வருவார்கள். சொத்து அட்டவணையில் கிராமத்தையும் புல எண்ணையும் வைத்துத் தேடுவதே பிழை குறைவான வழி. 3ஆம் புத்தகம் உயில்கள். உயில் எழுதியவர் இறந்த பிறகு அதன் நகலைக் கேட்டு மனுச் செய்யலாம், இறப்புச் சான்றை உடன் கொண்டுபோங்கள். கிராமங்கள் ஒரு சார்பதிவகத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றப்பட்டிருக்கும், ஆனால் பழைய புத்தகங்கள் பழைய அலுவலகத்திலேயே இருக்கும். "இங்கே இல்லை" என்ற பதில் வந்தால், "இந்தக் கிராமம் முன்பு எந்த அலுவலகத்தில் இருந்தது?" என்று அடுத்த கேள்வியைக் கேளுங்கள்.

எந்தப் பத்திரம் எதைத் தரும் என்பதிலும் வேறுபாடு உண்டு. கிரையப் பத்திரத்தில் விற்பவர், வாங்குபவர் இருவரின் தகப்பன் பெயர், ஊர், தொழில், பழையதானால் சாதி கிடைக்கும். பாகப்பிரிவினைப் பத்திரம் தங்கம்: அண்ணன் தம்பிகள் வயது வரிசையில், மைனர்களுக்குக் கார்டியனாகத் தாயின் பெயரோடு, சொத்து யார் வழியாக வந்தது என்ற முன்கதையும் சேர்த்து இருக்கும். சொத்துப் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கட்டிக்கொடுத்த பெண்களின் பெயரும் கணவர் பெயரும் ஊரும் கிடைக்கும். சக்குபந்தியை, அதாவது நிலத்தின் நான்கெல்லை விவரத்தை, ஒருபோதும் தாண்டிவிடாதீர்கள். வடக்கே, தெற்கே என்று வரும் பெயர்களில் இரண்டு உங்கள் பங்காளிகளாக இருக்கக்கூடும், ஏனென்றால் ஒரே காடு பாகமாகித்தான் பக்கத்துப் பக்கத்துக் காடுகள் ஆயின. சாட்சிகளில் பெரும்பாலும் ஒருவர் சம்பந்தி வீட்டார். பங்குத் தகராறு நீதிமன்றம் போயிருந்தால் பிராதுடன் வம்சாவளிப் பட்டியல் இணைத்திருப்பார்கள். வழக்கு எண்ணும் ஆண்டும் தெரிந்தால் சான்றிட்ட நகலுக்கு மனுச் செய்யலாம்.

ஒரு எச்சரிக்கை. பழைய பத்திரங்களிலும் பதிவேடுகளிலும் ஒடுக்கப்பட்ட சாதியினரை மரியாதை விகுதி இல்லாமல், சில இடங்களில் இழிவாகவே எழுதியிருப்பார்கள். படியெடுக்கும்போது உள்ளபடியே எழுதுங்கள். அழகுபடுத்தினால் அடுத்த ஆவணத்தோடு பொருத்த முடியாமல் போகும். குடும்பத்துக்குக் கொடுக்கும் தாளில் உரிய மரியாதையோடு எழுதிக்கொள்ளலாம்.

மிட்டா, இனாம் கிராமங்கள்

1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் சேலமும் பாரமகாலும் (இன்றைய தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம்) திப்பு சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கும்பினிக்கு வந்தன. அலெக்சாண்டர் ரீட் முதல் கலெக்டர், தாமஸ் மன்றோ அவருடைய உதவியாளர்களில் ஒருவர். பிறகு 1800களின் தொடக்கத்தில் பல கிராமங்களைச் சேர்த்து மிட்டாக்களாக்கி ஏலம் விட்டார்கள்; எடுத்தவர் மிட்டாதார், குடியானவரிடம் வரி வாங்கி அரசுக்குக் கட்டியவர். உங்கள் கிராமம் ரயத்துவாரியா (குடியானவர் நேரே அரசுக்கு வரி கட்டுவது), மிட்டாவா, இனாமா (மானியமாகக் கொடுத்தது) என்பதை முதலிலேயே தெரிந்துகொள்ள வேண்டும். மிட்டா கிராமத்தில் குடியானவரின் பெயர் அரசுக் கணக்கில் இராது, மிட்டாதாரின் கணக்கில் இருக்கும். 1948ஆம் ஆண்டு எஸ்டேட் (ஜமீன், மிட்டா) ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகு நடந்த அளவையில்தான் குடியானவர் பெயர் அரசுப் பதிவேட்டுக்கு வந்தது. 1950களுக்கு முன்னால் திடீரென்று எல்லாம் வெறுமையாக இருப்பதன் காரணம் பெரும்பாலும் இதுதான்.

இனாம் நிலமாக இருந்தால் நிலைமை நேர்மாறு. 1860களை ஒட்டி நடந்த இனாம் விசாரணையின் பதிவேடுகளில் மானியம் கொடுத்தவர் யார், முதலில் பெற்றவர் யார், விசாரணையின்போது அனுபவித்தவர் யார், அவருக்கு என்ன உறவு என்பதெல்லாம் உண்டு. கோயில் பூசாரி, வைத்தியர், கிராம ஊழியர் குடும்பங்களுக்கு ஒரே பக்கத்தில் மூன்று தலைமுறை கிடைக்கலாம். பழைய அ-பதிவேட்டின் குறிப்புப் பத்தியில் டி.டி. எண் என்று இருந்தால் அதுதான் இனாம் பட்டய எண். அதைக் குறித்துக்கொண்டு சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் கேளுங்கள்.

அங்கே போகுமுன் மாவட்ட எல்லையையும் சரிபாருங்கள். தர்மபுரி 1965இல் சேலத்திலிருந்து பிரிந்தது, நாமக்கல் 1997இல், கிருஷ்ணகிரி 2004இல் தர்மபுரியிலிருந்து. திருப்பத்தூர் தாலுகா 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை சேலத்தோடு இருந்தது. கிருஷ்ணகிரிக் குடும்பத்தின் 1900ஆம் ஆண்டுக் கோப்பு சேலம் என்ற தலைப்பில்தான் இருக்கும். 1883இல் வந்த மாவட்ட மேனுவலும் 1918இல் வந்த கெசட்டியரும் ஊரின் நிலை, மிட்டாவின் பெயர், சாதி வழக்கங்களை அறிய உதவும். ஆள் பெயரை அவற்றில் எதிர்பார்க்க வேண்டாம். மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் அப்படித்தான். எண்ணிக்கை மட்டுமே வெளிவரும், வீட்டுத் தாள் யாருக்கும் கிடைக்காது.

நிலமில்லாத குடும்பங்கள்

இதுவரை சொன்னது காடு உள்ளவர்களுக்கு. நெசவாளர், கூலிக்காரர், ஒடுக்கப்பட்ட குடும்பங்களுக்குத் தொடக்கம் பள்ளிக்கூடம். சேர்க்கைப் பதிவேடு நிரந்தரமாக வைக்க வேண்டிய ஆவணம். தந்தை பெயர், ஊர், பிறந்த தேதி, சாதி, முன்பு படித்த பள்ளி எல்லாம் அதில் உண்டு. பிறந்த தேதியை மட்டும் நம்பாதீர்கள். அந்தக் காலத்தில் ஆசிரியர் உத்தேசமாக எழுதியதே அதிகம். நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தின் உறுப்பினர் பதிவேட்டில் தந்தை பெயரும் வாரிசு நியமனமும் இருக்கும். தாசில்தார் கொடுத்த வாரிசுச் சான்று ஒரு தலைமுறையை முழுதாகக் காட்டும். 1892க்குப் பிறகு ஒடுக்கப்பட்ட மக்களுக்கு ஒப்படைக்கப்பட்ட பஞ்சமி நிலம் அ-பதிவேட்டில் டி.சி. (ஒடுக்கப்பட்ட வகுப்பு என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) நிலம் என்று குறிக்கப்பட்டிருக்கும். இன்று அது வேறு யார் கையில் இருந்தாலும், முதலில் ஒப்படை பெற்றவர் பெயர் தாலுகா ஆவணத்தில் இருக்கிறதா என்று கேட்டே தீர வேண்டும்.

பிறப்பு இறப்புப் பதிவேட்டைக் கிராமத்தில் முன்சீப் (கிராமத் தலைமை அலுவலர்) எழுதி வந்தார். 1980இல் முன்சீப், கர்ணம் (கணக்கர்) பதவிகள் ஒழிக்கப்பட்டுக் கிராம நிர்வாக அலுவலர் வந்தார். பழைய கிராமப் பதிவேடுகளுக்குத் தாலுகா அலுவலகம், சார்பதிவகம் இரண்டிலும் கேளுங்கள், நகரத்துக்கு மாநகராட்சி. குழந்தையின் பெயர் இருக்காது, "ஆண்" அல்லது "பெண்" என்றுதான் இருக்கும். தகப்பன் பெயரையும் தெருவையும் வைத்தே பிடிக்க வேண்டும்.

ஏற்காடு மலையில்

சேர்வராயன் மலையின் மலையாளி மக்களுக்கு (கேரளத்தவர் அல்ல, தமிழ் பேசும் மலைவாழ் பழங்குடியினர்) நாடு என்ற ஊர்த் தொகுதிதான் முதல் முகவரி: சேலநாடு, மோகநாடு, முட்டநாடு. காஞ்சிபுரத்திலிருந்து அண்ணன் தம்பி மூவர் மலையேறியதாகச் சொல்லும் மரபு அவர்களிடம் உண்டு. அதை மரபு என்ற தலைப்பிலேயே எழுதி வையுங்கள், ஆவணத்தோடு கலக்க வேண்டாம். நாடு, ஊர், பட்டக்காரர் வரிசை, எந்த ஊரில் பெண் எடுக்கலாம் எதில் கூடாது என்ற முறை, இவற்றை ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு எழுதுவதே முதல் வேலை. பழங்குடிச் சான்றிதழுக்காகக் குடும்பம் கோட்டாட்சியரிடம் மனுக் கொடுத்திருந்தால், விசாரணைக்குக் கொடுத்த வம்சாவளியின் நகல் யாரிடமாவது இருக்கும். அதைக் கேட்டு வாங்குங்கள்.

மலையில் காப்பி 1820களில் கலெக்டர் காக்பர்ன் காலத்தில் வந்தது. எஸ்டேட் கூலிக் குடும்பங்களுக்குச் செக்ரோல் எனும் வருகை, கூலிப் பதிவேடுதான் ஆதாரம். எஸ்டேட் கை மாறியபோது பழைய நோட்டுகள் போயிருக்கலாம் என்பதால் இன்றைய நிர்வாகத்திடமும் முன்னாள் கணக்கர் வீட்டிலும் கேட்டுப் பார்க்கலாம். ஐரோப்பிய, ஆங்கிலோ இந்தியத் தோட்டக்காரர் குடும்பங்களைத் தேடுவோருக்கு வேலை எளிது. சென்னை மாகாணத்துத் திருச்சபைப் பதிவுகளின் நகல்கள் லண்டனுக்குப் போயின. பிரிட்டிஷ் நூலகத்தில் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் என்/2 என்ற வரிசை அவை. ஏற்காட்டு ஹோலி டிரினிட்டி கல்லறைத் தோட்டத்தையும் பாருங்கள். நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட்டின் நினைவுக்கல் அங்கேதான் உள்ளது.

கிறிஸ்தவக் குடும்பங்களுக்குக் கோயில் பதிவேடு பெரும் துணை. சேலம் கத்தோலிக்க மறைமாவட்டம் 1930இல் உருவானது. அதற்கு முந்தையதற்குப் பங்குக் கோயிலோடு கும்பகோணம், புதுச்சேரி மறைமாவட்டங்களையும் நினைவில் வையுங்கள். பழைய பதிவு லத்தீனில் இருக்கும். சூசை ஜோசப்பஸ் ஆகியிருப்பார், ராயப்பன் பெத்ருஸ் ஆகியிருப்பார். ஞானப்பெற்றோர் பெயரைக் கட்டாயம் எழுதிக்கொள்ளுங்கள், பெரும்பாலும் நெருங்கிய உறவினர்தான். சீர்திருத்த சபையினருக்கு 1827இல் சேலம் வந்த லண்டன் மிஷன் வழி. அதன் ஆவணங்கள் லண்டனில் சோயாஸ் நூலகத்தில் உள்ளன.

கடல் கடந்தவர்கள் வேறு திசையிலிருந்து வருகிறார்கள். தென்னாப்பிரிக்காவில் படையாச்சி, கவுண்டன், நாயக்கர் என்பன சட்டப்படியான குடும்பப் பெயர்களாகிவிட்டன. அந்தப் பெயரை வைத்துச் சேலத்தில் தேடினால் எங்கும் போய்ச் சேராது. 1860 முதல் 1911 வரை நேட்டாலுக்குப் போன ஒப்பந்தக் கூலிகளின் கப்பல் பட்டியலில் ஆளின் எண், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம் உண்டு. மொரீஷியஸ் என்றால் மோகாவிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனம். கிராமப் பெயரை எழுதியவர் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதியிருப்பார். உரக்கப் படித்து, அந்தத் தாலுகாவின் வருவாய்க் கிராமப் பட்டியலோடு ஒலியை ஒப்பிடுங்கள். கவுண்டர் என்ற ஒரே பெயர் ஆங்கிலத்தில் ஜி எழுத்திலும் கே எழுத்திலும் தொடங்கும் என்பதால் இரண்டிலும் தேட வேண்டும்.

எங்கே தடுக்கிவிழுவார்கள்

பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைப்பதால் ஒரே சோடிப் பெயர் தலைமுறை விட்டுத் தலைமுறை திரும்ப வரும்: முத்துசாமி மகன் பெரியசாமி, பெரியசாமி மகன் முத்துசாமி, மறுபடி முத்துசாமி மகன் பெரியசாமி. 1890இல் வரும் பெரியசாமியும் 1940இல் வரும் பெரியசாமியும் ஒரே ஆள் என்று சேர்த்தால் இரண்டு தலைமுறை மறைந்துபோகும். மனைவி பெயர், கையெழுத்தா கைரேகையா என்பது, புல எண் மூன்றையும் ஒப்பிட்டுப் பிரியுங்கள். சின்ன, பெரிய என்ற அடைகளை விட்டுவிடாதீர்கள். பெரும்பாலும் அண்ணன் தம்பியைப் பிரிக்க வைத்தவை அவை. தத்துப் போனவருக்குத் தகப்பன் பெயரே மாறிவிடும். மேட்டூர் நீர்த்தேக்கத்தில் மூழ்கிய ஊரிலிருந்து வந்த குடும்பங்களுக்குப் புதிய ஊரில் பதிவு 1930களில்தான் தொடங்கும். அதற்கு முந்தையது நிலம் கையகப்படுத்திய இழப்பீட்டுக் கோப்பில்.

கடைசியாக ஒன்று. 1800க்கு முன்னால் ஆவணம் நின்றுவிட்டால் அங்கேயே நில்லுங்கள். அந்த இடைவெளியில் ஒரு மன்னரையோ கல்வெட்டுப் பெயரையோ ஒட்டித் தரும் சாதிச் சிறுநூல்கள் நிறைய உண்டு. அவற்றை மரத்தில் ஏற்றினால், கீழே நீங்கள் பாடுபட்டு நிறுவிய ஆறு தலைமுறையையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஆவணத்தின் வகை, அலுவலகம், எண், ஆண்டு, பக்கம் எழுதுங்கள். ஒன்றையொன்று சாராத இரண்டு ஆவணம் கிடைத்த பெயரை மையிலும் ஒன்றே கிடைத்ததைப் பென்சிலிலும் எழுதலாம். முடித்த தாளின் நகல் ஒன்றைப் பங்காளி வீடுகளுக்குக் கொடுத்து, ஒரு மாதம் கழித்துப் போய்த் திருத்தங்களைக் கேட்டு வாங்குங்கள். அவர்கள் டிரங்குப் பெட்டியில் இருக்கும் பாகப் பத்திரம் பெரும்பாலும் அப்போதுதான் வெளியே வரும்.